நீ போய் நீங்கள் வந்த கடிதம்

சில்வண்டு, எப்படிம்மா இருக்கே. நான் இருக்கேன், மூச்சுக்குக் குறைச்சல் இல்ல. நீயும் சுகம்னு உன் கடிதம் சொல்லுது, அதை நம்பத்தான் மனசு வரமாட்டேங்குது.

அப்பா போய் ரெண்டு மாசமாச்சு, கட்டில் முழுசும் காலியாத்தான் கிடக்கு, நான் இன்னும் சுவரோரம் ஒண்டிக்கிட்டுத்தான் படுக்கறேன், அவர் போனதுக்கும் அழறேன், அவர் அடிச்சதுக்கும் இப்பத்தான் அழ வருது. தையல் கடைக்கு மறுபடி போறேன், பொத்தான் வைக்கறதும் காஜா எடுக்கறதும்தான் வேலை, ஊசியில நூல் கோக்கத்தான் கண்ணு அடம் பிடிக்குது. அப்பா முகத்தைக் கடைசியா பாக்க நீ வரல, உனக்குக் காய்ச்சல், எழுந்திரிக்க முடியலன்னு மாப்பிள்ளை போன்ல சொன்னார், உன்கிட்ட குடுங்கன்னேன், தூங்கறான்னார். அதே வாரம் வந்த உன் கடிதத்தில ஒரு வரிகூடக் கோணல, தாங்கள் மனம் தளர வேண்டாம், தங்கள் உடல்நலம் பேணவும்னு இருக்கு. எழுத்தென்னமோ உன்னுதுதான், அந்த வால் நீண்ட ழ எனக்குத் தெரியாதா. ஆனா பொறந்ததில இருந்து என்னை நீ, வா, போன்னு கூப்பிட்ட பொண்ணு நீ, என்னைக்குடி நான் உனக்குத் தாங்கள் ஆனேன். தையல்காரர்கிட்ட காட்டினேன், உன் மக ஏதாவது ஆபீசுக்கு மேனேஜரா ஆயிட்டாளான்னு சிரிச்சார், அப்புறம் அவரே சிரிப்பை நிறுத்திட்டு, பக்கத்தில நின்னு யாரோ சொல்லச் சொல்ல எழுதின மாதிரி இருக்குக்கான்னார்.

தப்பு என்னுதுதான். போன வருசம் நீ எழுதினியே, அவர் கை நீட்டறார், வெளிய பூட்டிட்டு வேலைக்குப் போறார்னு, அதை நான் அப்பாகிட்ட சொன்னேன், அவர் ஆம்பளையைக் கேக்காம பொம்பளை பேச்சை நம்பக் கூடாதுன்னார், நானும் அப்படியே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, ஏன் மாப்பிள்ளை, பொண்ணு இப்படி எழுதியிருக்காளேன்னு படிச்சே காட்டிட்டேன். மரியாதையா கேக்கறதா நினைச்சேன். சும்மா விளையாட்டுக்கு எழுதியிருக்கா அத்தைன்னு சிரிச்சார், நானும் கூடச் சிரிச்சேன். உன்கிட்டயும் பொறுத்துப் போடின்னு வேற சொன்னேன். அதுக்கப்புறம் வந்த எல்லாக் கடிதத்திலயும் நீ காணாம போயி நீங்கள் வந்துடுச்சு, எனக்குத்தான் உறைக்க ஒரு வருசமாச்சு.

மாப்பிள்ளை, இதை நீங்கதான் முதல்ல பிரிச்சிருப்பீங்க, படிங்க, உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதறேன். நான் அங்க வரப்போறேன். என்னைக்குன்னு எழுத மாட்டேன், போன தடவை உங்ககிட்ட சொல்லித்தான் கெட்டேன். தனியாவும் வரமாட்டேன், போற வழியில யார் யாரைக் கூட்டிக்கணும்னு விசாரிச்சு வச்சிருக்கேன்.

கண்ணு, வேளைக்குச் சாப்பிடு. செருப்பு வார் அறுந்திருந்தா இன்னைக்கே தச்சு வை. நீ நூறு வருசம் நல்லா இருக்கணும், யாருக்கும் பயப்படாம இருக்கணும்.

உன்னை நம்பாம போன பாவி,
அம்மா

நான் வந்து தட்டினா, கதவைத் திறக்க உன்னால முடியுமாடி?