சாட்சியில் சொல்லாத பஸ்

திருச்செங்கோடு
5.1.2025

அன்புத் தங்கச்சி சத்யபிரியாவுக்கு, அண்ணன் மணிமாறன் எழுதறது.

போன்ல பேசுனா சண்டையிலதான் முடியுது, அதான் கடுதாசி. உன்ற சபையில நீ மைக் புடிச்சுச் சாட்சி சொன்ன வீடியோ பொண்ணூட்டுக்காரங்க போனுக்கே போயிருச்சு. புருசன் அடி தாங்காம பூச்சி மருந்தக் குடிச்சேன், ஆஸ்பத்திரியில நர்ஸம்மா ஒருத்தங்க கையப் புடிச்சு ஜெபம் பண்ணுனாங்க, அங்கதான் இயேசுவக் கண்டேன்னு அழுதிருக்கற. ஊருக்கெல்லாம் வயித்துவலின்னுதான சொல்லி வெச்சிருந்தோம் சாமி! முப்பத்தெட்டு வயசுல இப்பத்தான் எனக்கு ஒரு எடம் தகைஞ்சு கல்யாணம் கூடி வந்திருக்குது.

நீ யாரை வேணா கும்பிட்டுக்கோ, பொட்டு வெக்காமயே வா. மணவறையில எம் பக்கத்துல உட்கார்ந்து இணைச்சீர் செய்யக் கூடப்பொறந்தவ நீ ஒருத்திதான். அவங்க கேட்டா வயித்துவலின்னு மட்டும் சொல்லிரு.

அண்ணன்
மணிமாறன்

சேலம்
12.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

இணைச்சீருக்குப் பட்டுச்சேலை எடுத்து வெச்சாச்சு. ஆனா வயித்துவலின்னு சொல்ல வாய் வராதுங்ணா. அடியையும் மருந்தையும் எடுத்துட்டா என்ற கதையில கர்த்தருக்கு என்ன வேலை? நான் சாட்சி சொல்லி முடிச்சதும் ஒரு புள்ள ஓடி வந்து என்னைக் கட்டிக்கிட்டு அழுதுச்சு. அவ ஊட்டுலயும் வயித்துவலின்னுதான் சொல்லி வெச்சிருக்காங்களாம்.

அண்ணா, நான் எல்லாத்தையும் சொல்லல. மருந்து குடிக்கறதுக்கு முந்தி அடி தாங்காம நம்மூட்டுக்கு ஓடி வந்தேனே, மானம் போகுதுன்னு மறுநாளே ஓமலூருக்கு, அந்த மனுசன் ஊட்டுக்கே திரும்பப் பஸ் ஏத்தி விட்டீங்களே, அது அந்த வீடியோவுல இருக்குதான்னு பாருங்க. நெனைச்சா இன்னிக்கும் நெஞ்சு எரியுது. ஆனாலும் சொல்லல.

தங்கச்சி
சத்யபிரியா

திருச்செங்கோடு
20.1.2025

பிரியா,

இணைச்சீருக்குச் சித்தப்பா மக மைதிலியச் சொல்லியாச்சு. பொண்ணூட்டுல அப்படித்தான் கேட்டாங்க, நான் என்ன பண்ணட்டும்? நீ வந்தா சாப்பிட்டுட்டுப் போலாம். வராட்டியும் கோவிச்சுக்க மாட்டேன்.

அந்தப் பஸ் விசயத்தை மட்டும் எங்கயும் சொல்லீராத சாமி. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்.

மணிமாறன்

சேலம்
26.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சொல்ல மாட்டேன், பயப்படாம மாலை போட்டுக்கோங்க. சேலையை மைதிலிக்கே குடுத்து விட்டுட்டேன், அவ கட்டிக்கட்டும். நான் வரலைங்ணா. பந்தியில உட்கார்ந்தா சோறு எறங்காது.

பஸ் ஏத்தி விட்டத நான் சொன்னா வெறும் பழிதான் ஆகும். சொல்ல வேண்டியவரு நீங்க. கட்டிக்கிட்டு வர்ற புள்ள, உங்க தங்கச்சி ஏன் கல்யாணத்துக்கு வரலைன்னு என்னைக்காச்சும் கேட்கும்.

அன்னிக்கு வயித்துவலின்னு சொல்லிராதீங்ணா.

உங்களுக்காக ஜெபம் பண்ணற
சத்யபிரியா