ஐ.சி. அறையில் எனக்கு மட்டும் போடப்பட்ட சங்கிலி

அனுப்புநர்:
நா. செல்லியம்மாள்,
க/பெ நாகமுத்து,
ஏரிக்கரைக் குப்பம், சுண்ணாம்புகுளம் அஞ்சல்,
பொன்னேரி வட்டம், செங்கற்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்,
செங்கற்பட்டு மாவட்டம்.

பொருள்: கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கணக்குக் கருவி செய்யும் தொழிற்சாலையில் என்னை மட்டும் சங்கிலியிட்டு வேலை வாங்குவதும், என்மேல் விழுந்த திருட்டுப் பழியும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பள்ளி இறுதி வகுப்பு வரை படித்தவள். மேற்படி தொழிற்சாலையில், கையடக்கமான கணக்குக் கருவிகளுக்குள் ஐ.சி. என்னும் கறுப்புச் சில்லைப் பொருத்திப் பற்றவைப்பது என் வேலை. அந்த அறை குளிர்பதனம் செய்யப்பட்டது. பக்கத்து மேசையில் சாராள் என்பவர் இதே வேலையைச் செய்கிறார். கீழே எழுதியிருப்பவற்றில் சில, ஒரு பெண் முன்பின் அறியாத அதிகாரிக்கு எழுதக் கூசுபவை. பொறுத்துப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2. சென்ற தை மாதத்திலிருந்து நான் பொருத்திய சில்லுகள் பலவும் சோதனையில் எண் காட்டாமல் செத்துப்போயின. சாராள் பொருத்தியவை நன்றாக இருந்தன. மேற்பார்வையாளர் திரு. பரசுராமன், "நல்லத வெளிய வித்துட்டு கெட்டத வெச்சி அடைக்கிறியா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அன்றே துப்புரவு செய்யும் அம்மாளைக் கொண்டு கழிப்பறையில் என் புடவையை அவிழ்க்கச் சொல்லிச் சோதித்தார்கள். கதவு முழுவதும் சாத்தப்படவில்லை. என்னிடம் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதை மட்டும் மேற்பார்வையாளர் யாரிடமும் சொல்லவில்லை.

3. பழுது தொடர்ந்ததால் சென்னையிலிருந்து பொறியாளர் திரு. வீரராகவன் வந்தார். பற்றவைக்கும் சால்டரிங் அயனை மாற்றினார். பக்கத்துக் கொட்டகையில் வெல்டிங்கை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். பயனில்லை. பிறகு என்னையும் சாராளையும் இடம் மாற்றி உட்காரவைத்தார். ஐயா, பழுது என்னோடு எழுந்து வந்தது. சாராளின் மேசையில், சாராளின் கருவிகளைக் கொண்டு நான் தொட்டவை செத்தன. என் மேசையில் அவர் தொட்டவை பிழைத்தன. அறையிலிருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

4. பொறியாளர் என் புடவையைக் கவனித்தார். சாராள் உடுத்துவது பருத்திப் புடவை. நான் உடுத்தியிருந்தது தைப் பொங்கலுக்கு வாங்கிய நைலக்ஸ் என்னும் செயற்கை இழைப் புடவை. ராத்திரி துவைத்துப் போட்டால் காலையில் காய்ந்துவிடும் என்பதால் அதையே உடுத்தி வந்தேன். அவர் விளக்கை அணைக்கச் சொல்லி, ஒரு சாவியை என் விரலருகே நீட்டினார். படக்கென்று நீலமாக ஒரு பொறி தெறித்தது. பெண்கள் கத்திவிட்டார்கள். "பயப்படாதீங்கம்மா, காய்ஞ்ச காத்துல இந்தத் துணி உரசினா யார் உடம்புலயும் வரும்" என்றார். தம்முடைய டெர்லின் சட்டைக் கையைத் தேய்த்துக்கொண்டு நல்ல சில்லு ஒன்றைத் தாமே தொட்டார். அதுவும் செத்தது. இதற்கு நிலை மின்சாரம் என்று பெயர் என்றும், கண்ணுக்குத் தெரியாத பொறிகூடச் சில்லின் உள்ளே பொசுக்கிவிடும் என்றும் விளக்கினார்.

5. சில்லைத் தொடுகிற அனைவரும், மேற்பார்வையாளர் உள்பட, மணிக்கட்டில் பட்டை அணிந்து அதை, உடம்பின் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் கம்பியில் இணைக்க வேண்டும்; தவறி மின்சாரம் பாய்ந்தாலும் உயிருக்கு ஆபத்து வராதபடி நடுவில் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் ஒன்று இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் சென்னை திரும்பினார்.

6. செய்யப்பட்டது ஒன்றே ஒன்று. பட்டைக்குப் பதில் இரும்பு வளையம்; கம்பிக்குப் பதில் எர்த்தோடு பிணைத்த நாய்ச் சங்கிலி. ரெசிஸ்டர் இல்லை. மற்றப் பெண்கள், "நாங்க இன்னா மாடா, கட்டிப்போட?" என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. எனக்கும் வாய் இருந்தது. வேலை போய்விடுமே என்று கையை நீட்டினேன். வளையத்தை நட்டுப் போட்டு ஸ்பானரால் முறுக்குகிறார்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் ஸ்பானர் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். வீட்டுக்கு விலக்கான நாட்களிலும் கேட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை.

7. சங்கிலி போட்டபின் பழுது நின்றுவிட்டது. அதுவே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. "கட்டிப்போட்டதும் திருட்டு நின்னுச்சி பாத்தியா" என்று, பொறியாளர் காட்டியதைப் பார்க்காத மற்றப் பகுதி ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள். எங்கள் குப்பத்துத் தேசப்பன், தொழிற்சாலைக் கேண்டீனுக்கு மீன் கொடுக்க வந்தவர், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டார். "உம் மருமவள சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிக்கிறாங்க, இன்னாத்த திருடினாளோ" என்று என் மாமியாரிடமே சொல்லியிருக்கிறார். அந்த வாரமே என் நாத்தனார் பச்சையம்மாவுக்குப் பேசி முடித்திருந்த ஆரம்பாக்கத்துச் சம்பந்தம் முறிந்தது. என் கணவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மீன் பிடிக்க ஏரிக்குப் போகும்போது ஆட்கள் கூடும் துறையை விட்டுச் சுற்று வழியில் போகிறார்.

8. வேலையை விட்டுவிடுகிறேன் என்று பச்சையம்மாவிடம் அழுதேன். கலியாணம் நின்றுபோன அந்தப் பெண் என் மணிக்கட்டுப் புண்ணுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "வுட்டுடாத அண்ணி. நீ வுட்டா திருடினது நெசம்னு ஆயிடும்" என்றாள். இந்த மனுவை எழுதும் துணிச்சல் அவள் கொடுத்தது.

9. மணிக்கட்டில் எதுவுமே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அது ஏன் தேவை என்று பொறியாளர் காட்டியதை என் கண்ணால் பார்த்தேன். அவர் சொன்னபடி, தன் கையாலேயே கழற்றக்கூடியதாக, ரெசிஸ்டரோடு, சில்லைத் தொடும் ஒவ்வொருவருக்கும் அது அணிவிக்கப்பட வேண்டும். மேலும், பழுதுக்குக் காரணம் நிலை மின்சாரமே, திருட்டு எதுவும் நடக்கவில்லை என்று நிர்வாகம் தமிழில் எழுதித் தொழிற்சாலை வாசலில் ஒட்ட வேண்டும். அதில் ஒரு பிரதி எனக்குத் தந்தால் ஆரம்பாக்கத்தாரிடம் காட்டுவேன்.

10. தாங்கள் முன்னறிவிப்பின்றி நேரில் வந்து பார்க்கும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் வரும்போது அறையில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தால் மரியாதை தெரியாதவள் என்று எண்ணிவிட வேண்டாம். எழுந்து நிற்கும் அளவுக்குச் சங்கிலி நீளமில்லை.

இடம்: சுண்ணாம்புகுளம்
நாள்: 9-3-1978

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
நா. செல்லியம்மாள்