பெயரில்லாத விடைத்தாள்

ஹந்தானை
03.06.2025

யோகராஜ் அவர்களுக்கு,

போதுமான காலம் வாய்மூடி இருந்துவிட்டேன். தரம் பத்தில் உங்களிடம் கணிதம் படிக்கும் லோஜினி என் மகள். நாவலப்பிட்டியில் நாம் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பதற்காக இதுவரை பொறுத்தேன்.

மாதப் பரீட்சை முடிந்ததும் எல்லோரையும் எழுப்பி நிறுத்துகிறீர்களாம். கூடிய புள்ளியிலிருந்து பெயர்களை வாசிக்கிறீர்கள். பெயர் வந்தவர் உட்காரலாம். கடைசியில் என் மகள் மட்டும் நிற்கிறாள். இது நம்முடைய பழைய கணித ஆசிரியரின் வழக்கம், மறக்காமல் வைத்திருக்கிறீர்கள்.

வீட்டில் அதே கணக்குகளைப் பிழையில்லாமல் செய்கிறாள். "சேர் லிஸ்ட்ட கையில எடுத்தாலே பிளாக்போட்ல இருக்கிறது ஒண்ணும் தெரியறதில்லப்பா" என்கிறாள். பயந்திருக்கும் பிள்ளைக்குக் கணக்கு ஏறாது. பயிற்சிக் கல்லூரியில் இதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையா?

இப்படிக்கு,
சு. மோகனராஜ்


கண்டி
11.06.2025

அன்புள்ள மோகன்,

சுகம்தானே? உன் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன், உன் பெயரையும் சேர்த்து. "யாருக்காவது பயமா இருக்கா?" என்று கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. உன் மகள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாவலப்பிட்டியில் அந்த நாளில் முதலில் உட்காருகிறவன் நீ. உட்கார்ந்ததும் திரும்பி, கடைசியாக நிற்கும் என்னைப் பார்த்துச் சிரிப்பாய். அப்போது பயத்தைப் பற்றி நீ யாருக்கும் எழுதவில்லை. நின்றுதான் நான் கணிதம் படித்தேன். அவளும் படிப்பாள்.

யோகராஜ்


02.07.2025

யோகா,

சிரித்தேன். மறுக்கவில்லை.

இந்த மாத விடைத்தாள்களில் ஒன்றில் பெயர் இருக்காது. விடையும் இருக்காது. யாருடையது என்று உனக்குத் தெரியும். ஏன் இப்படிச் செய்தாய் என்று அவளிடம் கேட்டேன். "பேரு இல்லன்னா வாசிக்க மாட்டாருதானேப்பா" என்றாள். அழவில்லை. கணிதக் கொப்பியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்தாள். குடித்தேன். சீனி போட்டிருந்தாளா என்று ஞாபகமில்லை.

அவளை நிறுத்தி வைத்தது நீ. கடிதம் எழுதி, உட்கார்ந்த பிறகும் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்க்கச் செய்தது நான். வேண்டுமானால் ஒரு நாள் உன் வகுப்பில் வந்து நான் நிற்கிறேன். அவளை முதலில் உட்காரவிடு.

இதையும் வகுப்பில் வாசிப்பாய். வாசி. அவள் பெயரை இதில் எங்கும் எழுதவில்லை. என் பெயரையும் எழுதப்போவதில்லை. அவள் கண்டுபிடித்த வழி அதுதான். எனக்கும் வேறொன்று தோன்றவில்லை. கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.