நாலுக்கு நாலில் வெட்டிய ஆட்டம்

செப்டம்பர் 23, செவ்வாய்

கேம்ப் ரோட்டில் பஸ் நகரவேயில்லை. தாம்பரத்தில் ரயில் பிடித்து ஸ்டுடியோ போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விட்டது. டென்னிஸ் போட்டி நடப்பது வேறு நாட்டில். நானும் பிரணவும் கிண்டியில் ஒரு ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்து, மைதானத்திலிருந்து வரும் படத்தைப் பார்த்துத் தமிழில் வர்ணனை சொல்கிறோம்.

இன்று பெண்கள் ஆட்டம். தயாரிப்பாளர் சத்யநாராயணன் சார் வழக்கம்போலக் குறிப்பு கொடுத்தார். ஒருத்திக்கு நிச்சயதார்த்தம் ஆகியிருக்கிறதாம். இன்னொருத்தியின் உடையை அவளே வடிவமைத்தாளாம். போன வருடம் தோற்றுவிட்டு அழுதது யார். அவ்வளவுதான். ஆண்கள் ஆட்டமென்றால் சர்வீஸ் வேகம், தோள்பட்டைக் காயம், யார் யாரை எந்தத் தரையில் ஜெயித்தார் என்று பக்கம் நிறைந்திருக்கும்.

"சார், இவங்க பேக்ஹேண்ட் பத்தி ஒண்ணுமே இல்லியே?"

"ஜனங்களுக்குக் கதை வேணும், கெசியா."

கதையே அந்த பேக்ஹேண்ட் அடியில்தானே இருக்கிறது! கல்லூரி அணிக்கு ஆடியவள் நான், எனக்குத் தெரியாதா? நிச்சயதார்த்தத்தை நான் தொடவே இல்லை. பிரணவ் தொட்டான். பாவம், அவனும் ஏதாவது பேச வேண்டுமே.

செப்டம்பர் 26, வெள்ளி

பெண்கள் அரையிறுதி. மூன்றாவது செட்டில் நாலுக்கு நாலு. அதற்குப் பிறகு நடந்ததைப் போல ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. டியூஸ், மறுபடி டியூஸ், மறுபடியும் சமநிலை. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பிரணவ் நாற்காலியை விட்டு எழுந்து நின்றே பேசினான். இப்படி ஒரு நாள் வாய்க்கும் என்றுதான் இந்த வேலைக்கே வந்தேன்.

வெளியே வந்ததும் வீட்டுக்கு போன் போட்டேன். இதைப் பார்ப்பதற்காகவே என் வீட்டுக்காரர் ஜெபசீலன் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவ் போட்டிருந்தார்.

"கடைசி செட் எப்படி?"

"எந்தக் கடைசி செட்? நாலுக்கு நாலுலயே கட் பண்ணிட்டாங்களே. கோட்டு போட்ட ரெண்டு பேர் சோஃபால உக்காந்து ஆண்கள் மேட்ச் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஆமா, யார்தான் ஜெயிச்சா?"

விளங்கவே கொஞ்ச நேரமாயிற்று. எங்கள் அறைத் திரையில் மைதானத்துப் படம் மட்டும்தான் வரும். சேனலில் என்ன ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரியாது. வெட்டியவர்கள் எங்களிடம் சொல்ல மறந்துவிட்டார்கள். அந்த செட் முடியும்வரை யாருக்கும் கேட்காமல் நாங்கள் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்திருக்கிறோம்.

"நம்ம பெஸ்ட் மேட்ச் அதுதான்க்கா" என்று பிரணவ் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ச்சே! ரயிலில் அழுகையே வந்துவிட்டது.

செப்டம்பர் 27, சனி

சாரிடம் கேட்டேன். "மறந்துட்டோம்மா, சாரி" என்றார். சொல்லாததற்குத்தான் அந்த சாரி, வெட்டியதற்கு இல்லை.

"நாளைக்கு ஃபைனல் நீண்டா என்ன சார் பண்ணுவீங்க?"

"லேடீஸ் மேட்ச்தானே, சட்டுனு முடிஞ்சிடும்."

"நீண்டா?"

"பேச்சு நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் இருக்காங்கம்மா. அதைத் தள்ள முடியாது."

ஃபைனலை வெட்டலாம், சோஃபாவைத் தள்ள முடியாது! நான் மாதச் சம்பளக்காரி இல்லை. கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் வீடு. வாயை மூடிக்கொண்டு வந்து ஜெபசீலனிடம் எகிறினேன். அவர் என்ன செய்வார்?

செப்டம்பர் 28, ஞாயிறு

நீண்டது. மூன்றாவது செட், ஐந்துக்கு ஐந்து. இந்த முறை மறக்காமல் சார் என் காதுக் கருவியில் சொன்னார்: "மூணு நிமிஷத்துல முடிச்சுக்கோம்மா, பேச்சுக்குப் போறோம்."

யோசித்துச் செய்தேன் என்று எழுத ஆசைதான். யோசிக்கவில்லை. மைக்கில் அப்படியே சொல்லிவிட்டேன்: "நேயர்களே, இன்னும் மூன்று நிமிடத்தில் இந்த இறுதியாட்டத்தை நிறுத்தப்போகிறோம். ஆண்கள் ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது. அதைப் பற்றிய பேச்சுக்காகத்தான் நிறுத்துகிறோம். இங்கே யார் ஜெயித்தார் என்பதை நீங்கள் பார்க்க முடியாது. வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் செய்தோம்."

பிரணவ் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தான். காதில் சாரின் குரல்: "இன்னாமா பண்றே? இன்னா பண்றே நீ?" கோபம் வந்தால்தான் அவருடைய பல்லாவரத்துத் தமிழ் வெளியே வரும். அப்புறம் காதில் சத்தமே இல்லை. சேனலில் ஓடுகிறோமா, இல்லையா? தெரியாமலேயே கடைசிப் பாயிண்ட் வரை பேசினோம்.

"முழுசாப் பார்த்தேன், கப்பு வாங்குற வரைக்கும்" என்றார் ஜெபசீலன். சேனல் ஆப்பில் ஜனங்கள் கண்டபடி திட்டித் தீர்த்திருக்கிறார்கள். வெட்டாதே என்று மேலிடத்திலிருந்தே சொல்லிவிட்டார்களாம். சார் என்னைப் பார்க்காமலே தாண்டிப் போனார்.

அக்டோபர் 14, செவ்வாய்

அடுத்த போட்டிக்குத் தன்னைக் கூப்பிட்டார்கள் என்று பிரணவ் சொன்னான். எனக்கு போன் வரவில்லை.

நவம்பர் 19, புதன்

இன்னும் வரவில்லை. நானாகக் கூப்பிட மாட்டேன்.

ஜனவரி 24, சனி

வீட்டில்தான். டிவியில் பெண்கள் அரையிறுதி. பிரணவோடு சுப்ரஜா என்று ஒரு புதுப் பெண். குரலில் நடுக்கம் இருந்தாலும், பேக்ஹேண்டுக்கு உயரமாக எழும்பும் பந்தைப் பற்றிச் சரியாகவே சொன்னாள். மூன்றாவது செட் டைபிரேக் வரை போயிற்று. திரையின் அடியில் ஒரு வரி வந்தது: 'ஆண்கள் ஆட்டம் பற்றிய அலசல், இந்த ஆட்டம் முடிந்ததும்.'

"பார்த்தியா? உன்னாலதான்" என்றார் ஜெபசீலன்.

வயிறு எரிந்தது. மறைப்பானேன்? அது நான் உட்கார வேண்டிய நாற்காலி.

"சும்மா இருங்க, கேக்கல" என்று சொல்லிவிட்டு வால்யூமைக் கூட்டினேன்.