வீம்புக்கு வெந்நீர்

பெல்கிரேட்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம், கவலைப்படாதே.

எங்கள் செர்பிய மொழி அகராதி வேலை 'இனாத்திதி' என்ற வினைச்சொல்லுக்கு வந்திருக்கிறது. தனக்கே நஷ்டமானாலும் வீம்பு பிடிப்பது என்று பொருள் எழுதினேன். நான் இனாத்திம், நீ இனாத்திஷ், அவர் இனாத்தி என்று வரிசையாகப் போட்டு, துருக்கி மொழியிலிருந்து வந்தது என்றும் குறித்தேன். எங்கள் குழுத் தலைவர் வுகாஷின் அந்தச் சொல்லையே அடித்துவிட்டார்.

"நம்மை ஆண்ட துருக்கிக்காரன்தான் எப்பவோ போயிட்டானே, அவன் சொல் எதுக்கு? உங்க பாஸ்னியாவிலேயே வெச்சுக்கோ."

உன் வாயில் தினமும் புழங்கும் சொல், விடுவேனா? அன்று காபி போடுவது என் முறை. அவர் கோப்பையில் வெறும் வெந்நீர் ஊற்றி வைத்தேன்.

"காபி, சர்க்கரை ரெண்டுமே துருக்கிச் சொல்லுங்க ஐயா. நானும் அடிச்சிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரோ மடமடவென்று குடித்துவிட்டு, "பிரமாதம்! நாளைக்கும் இதையே குடு" என்றார். ஒரு வாரமாக வெந்நீர்தான் குடிக்கிறார். அவர் எதிரில் நானும் காபியைத் தொடுவதில்லை.

நீ அரைத்த காபித்தூள் கொஞ்சம் அனுப்பு. அறையில் குடித்துக்கொள்கிறேன். தனியாகக் குடித்தால் காபி மாதிரியே இல்லை, ஆனாலும் அனுப்பு.

அந்தச் சொல்லை மறுபடி எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டேன். பொருளுக்குக் கீழே எடுத்துக்காட்டும் கொடுத்திருக்கிறேன்: 'தலைவர் வெந்நீர் குடிக்கிறார்.'

நேரமாகிவிட்டது, அவருக்கு அடுப்பில் தண்ணீர் வைக்க வேண்டும்.

உன் மகளேதான்,
ரஸியா