பொதுக்கிணற்றுக்குப் போட்ட மதில்

மார்ச் 3, செவ்வாய்

அவன் வந்து மீதித் துணிகளை எடுத்துக்கொண்டு போனான். அவன் தன் அக்கா வீட்டுக்குப் போய் ஆறு வாரமாகிறது. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் கேட்பவர்களிடம் சொல்லவாவது ஒரு கதை இருந்திருக்கும்.

பாத்திரம், போர்வை எதையும் கேட்கவில்லை. ஆட்டக் கார்டுகளை மட்டும் பிரித்தோம். கல்யாணமாகி ஏழு வருஷம் ஒரே பெட்டியிலிருந்து எடுத்து இரண்டு பேரும் ஆடியவை. கடைசியில் நாலு மதில் கார்டுகள் மேஜையில் கிடந்தன. எதிராளி எந்தக் கார்டைப் போட்டாலும் அதைச் செல்லாமல் ஆக்கிவிடும் கார்டு அது. இப்போது அச்சடிப்பதில்லை. ஒரு வாரம் நாலும் அவன் ஆடும் கட்டுக்குள் இருக்கும், மறுவாரம் என் கட்டுக்குள்.

"உனக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு," என்றான்.

சரி என்றேன். இனி இரண்டு பேருக்குமே அரைகுறைக் கட்டுதான்.

மார்ச் 5

வேலை. முப்பத்தொன்பது ஜோடி மூக்குக்கண்ணாடி லென்ஸ் அரைத்தேன், இரண்டு உடைந்தது.

மார்ச் 8, ஞாயிறு

கார்டு கடையில் வாராந்திர ஆட்டம். அவன் வரவில்லை. மூன்று ஆட்டமும் ஜெயித்தேன். எங்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு கார்டைப் போட்டதும் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து "விடறீங்களா?" என்று கேட்க வேண்டும். அவர் "விட்டேன்" என்றால்தான் செல்லும். நான் அதிகம் விடுவதில்லை.

கடைசியாக என்னோடு ஆடிய பல் டாக்டர் கையிலிருந்ததை மேஜையில் போட்டுவிட்டு எழுந்தார். "உங்ககூட ஆடறதுக்கு சுவத்துல பந்தடிக்கலாம்மா. பந்தாவது திரும்பி வரும்."

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

மதியம் அவன் அக்கா கூப்பிட்டார். "அவனுக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்திருக்கு. முப்பத்தொண்ணுக்குள்ள பதில் சொல்லணுமாம். நீ 'இரு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், அவன் போகமாட்டான்."

"அவன் இஷ்டம்க்கா."

"உனக்கு ஒண்ணுமே தோணலையாடி?"

ஃபோனை வைத்த பிறகு தோன்றுகிறதா என்று பார்த்தேன். பல் பிடுங்கிவிட்டு வந்து மரத்த கன்னத்தை விரலால் தட்டிப் பார்ப்போமே, அப்படி. ஒன்றும் இல்லை. போன ஆகஸ்டில் ஐந்தாம் மாதம் வயிற்றிலேயே குழந்தை போயிற்று. நாலாம் நாள் வேலைக்குப் போனேன். அன்றிலிருந்தே இப்படித்தான். தைரியசாலி என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

பெரிய போட்டி. அறுபத்து நாலு பேர். மூன்றாம் சுற்றுக்குப் பட்டியல் ஒட்டினார்கள். பதினோராம் மேஜையில் நானும் அவனும்.

இளைத்திருந்தான். சட்டை கசங்கியிருந்தது. "சாப்பிட்டியா?" என்றான். "ம்."

முதல் கார்டாகப் பொதுக்கிணற்றைப் போட்டான். போட்டவர், எதிராளி இரண்டு பேருமே ஆளுக்கு இரண்டு கார்டு எடுத்துக்கொள்ளலாம். இதை யாரும் தடுப்பதில்லை. என் கையில் உருப்படியாக ஒன்றும் இல்லை, அவனைவிட எனக்குத்தான் அது தேவை.

"விடறியா?" என்றான்.

அவன் வாயை மூடுவதற்குள் மதிலை வைத்துவிட்டேன்.

கார்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அது உனக்கும்தானே?" என்றான், மெதுவாக. பக்கத்து மேஜைக்காரர் களுக்கென்று சிரித்தார். நடுவர்கூட எட்டிப் பார்த்தார். வைத்ததைத் திரும்ப எடுக்க விதி இல்லை.

நேற்று ஆடத் தொடங்கியவர்கள்கூட இதைச் செய்யமாட்டார்கள். அந்தக் கார்டில் இருப்பது எனக்கு மனப்பாடம். ஆனால் நான் படிக்கவே இல்லை. அவன் எதையோ நீட்டுகிறான், தடு — கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தோற்றேன். அது ஒன்றும் பெரிதில்லை.

மார்ச் 16, திங்கள்

காலையிலிருந்து லென்ஸ் அரைக்கும்போதெல்லாம் "அது உனக்கும்தானே?" காதிலேயே நின்றது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் அவன் கேட்டான் — பேர் யோசிச்சு வச்சிருந்தோமே, அதைப் பத்திப் பேசலாமா? வேண்டாம் என்றேன். வாங்கின சின்னச் சட்டையை எங்க வைக்கலாம்? தெரியாது. ரெண்டு நாள் எங்கயாவது போய்ட்டு வரலாமா? லீவு இல்லை. வலி எனக்கு, இவன் ஏன் கிளறுகிறான் என்று இருந்தது. என்னைத் தேற்றுவதற்காகத்தான் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்கும்தானே போச்சு. அய்யோ, அவனுக்கும்தானே. ஏழு மாசமா எனக்கு இது உறைக்கவே இல்லையே. என்ன ஜென்மம் நான்?

மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. முதலாளி மட்டும் முகத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு அரைன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று திட்டினார். கழுவிவிட்டு வந்து மீதியை அரைத்தேன்.

மார்ச் 18

ஃபோனை எடுத்தேன். வைத்தேன். மறுபடியும் எடுத்து, கடிகாரத்தில் மணி பார்த்ததுபோல் பார்த்துவிட்டு வைத்தேன்.

மார்ச் 21, சனி

அக்கா வீட்டுக்குப் போனேன். அவன்தான் கதவைத் திறந்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "மாத்தலுக்கு சரின்னு நேத்தே எழுதிக் குடுத்துட்டேன்," என்றான்.

ஒரு நாள். ஒரே ஒரு நாள் முந்தி வந்திருக்கலாம்.

"அதுக்கு வரல," என்றேன். "அந்தப் பேரைப் பத்திப் பேசலாம்னு வந்தேன்."

கதவைப் பிடித்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டான். ஆறடி ஆள். அவன் அழுது நான் பார்த்ததே இல்லை. அழ நான் இடம் கொடுத்ததில்லை என்று சொல்வதுதான் சரி. அக்கா உள்ளே டிவியை அணைத்துவிட்டு, எங்களைத் தாண்டிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கோ கிளம்பிப் போய்விட்டார்.

இரண்டு மணி நேரம் பேசினோம். முக்கால்வாசி அவன்தான் பேசினான்.

ஏப்ரல் 1

நேற்று போய்விட்டான். பெட்டி கட்ட உதவினேன். பஸ் கிளம்பியபோது அழுகை வரவில்லை. மறுபடியும் மரத்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. முன்பு பயமாகக்கூட இல்லை.

ஏப்ரல் 6

கூப்பிட்டான். பேச எதுவும் கிடைக்கவில்லை, உடைந்த லென்ஸ் கணக்கைச் சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

ஏப்ரல் 11, சனி

ஐந்து மணி நேரப் பயணம். அவன் அறை மூன்றாம் மாடியில். ஒரு பாய், ஒரு மின்விசிறி, ஒரு நாற்காலி. என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு அவன் ஜன்னல் விளிம்பில் சாய்ந்து நின்றான்.

"நாளைக்கு இன்னொரு நாற்காலி வாங்கலாம்னு பாக்கறேன்."

ரெண்டு நாளைக்கு வந்தவளுக்கு எதுக்கு, காசுக்குப் பிடிச்ச கேடா — நுனிநாக்கு வரை வந்துவிட்டது. விழுங்கினேன். 

"கை வச்ச நாற்காலியா வாங்கு," என்றேன். "எனக்கு அதான் சரிப்படும்."

கடையைப் பத்து மணிக்குத்தான் திறப்பார்களாம்.