நான் சவுக்காரம் போட்டுக் கழுவிய தோல்

மகள் கார் துடைப்பதற்கென்று ஒரு மஞ்சள் தோல் வாங்கி வந்திருக்கிறாள். நேற்றுக் காலை அதை வாளித் தண்ணீரில் முக்கி, முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். வாசலில் நின்ற நான் பதறிப்போய், "தண்ணியில போடாதம்மா" என்று சத்தம் போட்டுவிட்டேன். "இதை நனைச்சுத்தாம்பா தொடைக்கணும்" என்று அவள் சிரித்தாள். அவள் சொன்னது சரிதான். காருக்கு அது அப்படித்தான். பதறியது நான்தான். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தவன் நீ ஒருவன்தான். நீ போய் இன்றோடு நாற்பது நாள் ஆகிறது.

பனமலைக்குப் பக்கத்துப் பொட்டலில் நாம் கூடாரம் போட்டிருந்த அந்த ஆடி மாதம் உனக்கு மறந்திருக்காது. அறுபதுகளின் தொடக்கம். சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லைகளில் கம்பளிப்பூச்சி விழுந்து, வேர்க்கடலைச் செடிகளில் இலை ஒன்று பாக்கி இல்லாமல் தின்றுகொண்டிருந்தது. மருந்து தெளிக்க ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். அதோடு ஒரு பைலட், ஒரு எஞ்சினீயர், மெக்கானிக் பயிற்சிக்காரர்களாக நாம் இரண்டு பேர். நீ திண்டிவனம், நான் வளவனூர். உன் அப்பா அடுத்தவர் கொல்லையில் கூலிக்குப் போனவர். என் அப்பாவுக்குச் சொந்த நிலம், கரும்பும் நெல்லும். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பாதிப் பொய்யாகிவிடும்.

இன்னும் மூன்று மாதத்தில் நமக்கு லைசென்ஸ் பரீட்சை. எஞ்சினீயர் நம் வேலைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டால்தான் பரீட்சையில் உட்காரவே முடியும். உன் வீட்டில் நீதான் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன். அந்தக் கையெழுத்து உனக்கு எவ்வளவு பெரியது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

பெட்ரோல் போடுவது நம் இருவர் வேலை. பீப்பாயிலிருந்து கைப்பம்பால் நான் இறைப்பேன். நீ இறக்கை மேல் ஏறி, புனலில் ஷாமித் தோலை, என் மகள் வாங்கியது போன்ற அந்த மெல்லிய மஞ்சள் தோலை, விரித்துப் பிடித்துக்கொண்டு டேங்கில் ஊற்றுவாய். அந்தத் தோலில் முதலில் பெட்ரோலை விட்டு ஊறவைத்துவிட்டால் அது பெட்ரோலை மட்டும் கீழே விடும், தண்ணீரை மேலேயே நிறுத்திவிடும். பீப்பாய்க்குள் எப்படியாவது தண்ணீர் புகுந்திருந்தாலும் டேங்குக்குப் போகாமல் தடுக்கும் கடைசிக் காவல் அதுதான். தோல் உன் பேரில் கொடுத்திருந்தார்கள். நீயும் அதைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தாய்.

எதிலும் உனக்கு ஒரு முறை உண்டு. "மொதல்ல ஒயரு, அப்பால மூடி" என்பாய். பீப்பாயையும் விமானத்தையும் கம்பியால் இணைத்து, தரையில் அடித்த முளையிலும் மாட்டிய பிறகுதான் டேங்க் மூடியில் கை வைக்கவிடுவாய். பெட்ரோல் ஓடும்போதே மின்சாரம் சேரும், ஒரு பொறி போதும் என்று எஞ்சினீயர் ஒரே ஒரு தடவை சொன்னதை நான் பரீட்சைக்காக எழுதி வைத்துக்கொண்டேன். நீ அப்படியே நடந்தாய். விழுப்புரத்தில் தைத்த, உரசினாலே பொறி பறக்கும் புது டெரிலின் சட்டையோடு ஒரு நாள் நான் வந்தபோது என்னைக் கிட்டவே சேர்க்கவில்லை. "அந்தச் சட்டையோட டேங்க் கிட்ட வந்தன்னா, உன்னோட சேந்து நானும் பரலோகம் போயிடுவேன். எனக்கு இன்னும் கல்யாணங்கூட ஆவலைடா" என்றாய். கழற்றி எறிந்துவிட்டு வெறும் பனியனோடு பம்ப் அடித்தேன். "காலி டேங்க்குதான் பேஜாரு. ரொம்பின டேங்க்கு சும்மா கெடக்கும், காலியில தங்குற ஆவிதான் புடிச்சிக்கினு வெடிக்கும்" என்பதும் நீ அடிக்கடி சொன்னதுதான்.

மகன் வேலை செய்யும் விமானத்தைப் பார்க்க வேண்டும் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வருவதாகச் செய்தி. நீ அன்று மதியம் ஏதோ ஒரு சாமான் வாங்க விழுப்புரம் போயிருந்தாய். நான் கூடாரத்தைப் பெருக்கினேன். அப்பா உட்காரப் போகும் கட்டிலின் தலைமாட்டில் உன் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. தோல் தொங்குகிற இடத்தில் அப்பா சாப்பிட மாட்டார். எடுத்து வேறு எங்காவது வைத்திருந்தால் முடிந்திருக்கும். கையில் எடுத்ததும் அதன் கறையும் பிசுக்கும் கண்ணில் பட்டது. தட்டு, டம்ளர் கழுவுகிற கையோடு அதையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய், துணி துவைக்கிற சவுக்காரம் போட்டு நன்றாகத் தேய்த்து அலசினேன். தண்ணீர் காட்டக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். காய்ந்தால் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். சவுக்காரம் ஏறிய தோல் மறுபடி தண்ணீரைத் தடுக்காது என்பதை அதற்கப்புறம்தான் படித்தேன்.

இன்னொன்றும் செய்தேன். இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. உன் டம்ளரைக் கழுவி, எங்கள் டம்ளர்களோடு வைக்காமல் பெட்டிக்குப் பின்னால் தனியாக வைத்தேன். மூன்று மாதமாக ஒருவர் டம்ளரில் ஒருவர் மாற்றி மாற்றிக் காப்பி குடித்தவர்கள் நாம். அப்பா வருகிறார் என்றதும் என் கை தானாக அப்படிச் செய்தது.

சாயங்காலம் இடியோடு மழை. தோலைக் கூடாரத்துக்குள்ளேயே உலர்த்தி, நீ வருவதற்குள் பழைய ஆணியில் மாட்டிவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஏன் கழுவினாய் என்று கேட்டால் என்ன சொல்வது? அதற்காகவே சொல்லவில்லை.

காலையில் அப்பா வேகவைத்த மல்லாட்டைப் பையோடு வந்து இறங்கினார். நாம் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தோம். சாய்த்து வைத்திருந்த பீப்பாய்களில் ஒன்றின் மூடி வளையம் தேய்ந்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. அது நமக்குத் தெரியாது. நீ வழக்கம்போல் ஒயரை மாட்டினாய், தோலில் பெட்ரோல் விட்டு ஊறவைத்தாய், ஊற்றினாய். போட்டு முடித்ததும், "அரை மணி நேரம் உடணும் சார், அடியில தண்ணி எறங்கியிருந்தா வடிச்சிப் பாத்துட்டுப் போலாம்" என்று பைலட்டிடம் சொன்னாய். வெயில் ஏறிக் காற்றுக் கிளம்பினால் மருந்து கொல்லையில் விழாது என்று அவர் "ஜல்தி, ஜல்தி" என்று விரட்டினார். அவர் அவசரத்துக்கு உடனே வடித்துப் பார்த்தாய். பாட்டிலில் வந்தது சுத்தமான பெட்ரோல்தான். ஊற்றிய வேகத்தில் கலங்கியிருந்த தண்ணீர் அடிக்கு வர அவகாசமே இல்லை.

விமானம் பொட்டலை விட்டு எழும்பி, பனை உயரம் போனதும் எஞ்சின் இருமியது. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது தடவை இருமியதும் சத்தம் நின்றுபோயிற்று. ஏரி ஓரத்துச் சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டு கவிழ்ந்தது. முதலில் ஓடியவன் நீ. பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்த இடத்துக்குள் புகுந்து, பாட்டரி ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பைலட்டை இழுத்து வெளியே கொண்டுவந்தாய். பீடியோடு ஓடிவந்த ஊர்க்காரர்களை, "யாரும் கிட்ட வராதீங்க, நெருப்பை அணைங்க" என்று தடுத்தாய். பைலட்டுக்குக் கால் எலும்பு முறிந்தது, உயிர் தப்பியது. அது உன்னால்தான். இதை எந்தக் காகிதத்திலும் யாரும் எழுதவில்லை.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்துவிட்டு எஞ்சினீயர் மதியம் திரும்பினார். கார்புரேட்டரைக் கழற்றினார், உள்ளே தண்ணீர். உன்னிடமிருந்து தோலை வாங்கி வாளி மேல் பிடித்து ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். சல்லடையில் ஊற்றியதுபோல் அப்படியே இறங்கியது.

"இதை யாரு நனைச்சது?" என்று கேட்டார்.

நீ தோலை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாய். சவுக்கார வாசனை உனக்குத் தெரிந்துவிட்டது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். நான் அப்பா பக்கத்தில் நின்றிருந்தேன்.

"தோலு என் பொறுப்புங்க சார்" என்றாய்.

"அதைக் கேக்கலை. நனைச்சது யாரு?"

"என் பொறுப்புதாங்க."

நீ பொய் சொல்லவில்லை. நான் பேசுவதற்கு இடம் விட்டாய். எஞ்சினீயரும் என் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் அப்பா என் காதருகே குனிந்து, "அந்தத் திண்டிவனத்துப் பையந்தானா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். எஞ்சினீயர் அதைப் பார்த்தார். நீயும் பார்த்தாய்.

உன் வேலைப் புத்தகத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதி மூடிவிட்டார்கள். மறுநாள் நீ உன் பெட்டியைக் கட்டினாய். டம்ளரைத் தேடினாய். பெட்டிக்குப் பின்னால் அது தனியாக இருப்பதைக் கண்டதும் ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போட்டுக்கொண்டாய். பஸ் வரும்வரை நான் உன்னோடு ரோட்டில் நின்றேன். நீ திட்டியிருந்தால், ஒரு அறை விட்டிருந்தால், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன் என்று நெடுநாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். "நல்லா படி. டேங்க்குல காத்துக் கொழா அடைச்சிக்கினா இன்னா ஆவும்னு கட்டாயம் கேப்பாங்க" என்றாய். அவ்வளவுதான். அந்தக் கேள்வி வந்தது. நான் பாஸ் செய்தேன். பட்டணத்து விமான நிலையத்தில் ஓய்வு பெறும் வரைக்கும் நல்ல பேர் எடுத்தேன்.

நீ திண்டிவனத்தில் பட்டறை போட்டாய். லாரி டேங்குகளில் ஓட்டை விழுந்தால் பற்றவைத்துத் தருவாய். மற்ற பட்டறைகளில் காலி டேங்கைப் பற்றவைக்கப் போய் முகம் வெந்தவர்கள் உண்டு. நீ நாள் முழுக்க உள்ளே நீராவி விட்டு, கழுவி, ஓட்டை வரைக்கும் தண்ணீர் நிரப்பி அப்புறம்தான் நெருப்பை எடுப்பாய். அங்கே ஒரு ஆளுக்கும் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. அப்படியும் ஊரில் அதற்குப் பேர் 'கவுந்த ப்ளேன் பட்டறை'. பஸ்ஸை விட்டு இறங்கி உன் பேரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. கவுந்த ப்ளேன் என்றால் கை காட்டுவார்கள்.

சொல்லிவிட வேண்டும் என்றே மூன்று தடவை வந்தேன். மூன்றாம் தடவை பட்டறைக்கு எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர், "சாருக்குத் தெரியுமா, இவரு ப்ளேனையே கவுத்தவரு" என்று உன்னைக் கிண்டல் செய்தார். நான் சிரித்தேன். எதற்காகச் சிரித்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. நீ என் டீயில் ஈ விழாமல் கையால் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு நான் வரவில்லை. கல்யாணப் பத்திரிகை, பொங்கல் வாழ்த்து என்று நீதான் விடாமல் எழுதிக்கொண்டிருந்தாய்.

உன் அடக்கத்துக்கு வந்தேன். கல்லறையிலிருந்து திரும்பும்போது உன் மகள் என் பக்கத்தில் நடந்து வந்தாள். டீச்சராக இருக்கிறாளாம். உன்னைப் போலவே நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள்.

"மாமா, நீங்க அப்பாகூட அங்க இருந்தீங்க இல்ல? நெசமாவே அப்பாதான் கவுத்தாரா? சின்ன வயசுல ஸ்கூல்ல எங்களை அப்டிதான் கூப்புடுவாங்க. அழுதுக்கினே வந்து அப்பாவைக் கேப்பேன். ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வளவனூர் மாமா வருவாரு, அவரைக் கேளுன்னுவாரு."

நான், "அதெல்லாம் பழைய கதைம்மா" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு, எனக்கு மோர் கொண்டுவரப் போய்விட்டாள்.

எஞ்சினீயர் முன்னால் எனக்கு நீ விட்ட இடத்தை இத்தனை வருஷமும் மூடாமலே வைத்திருந்திருக்கிறாய். உன் பிள்ளைகளிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வளவனூர் மாமா வருவார் என்று சொல்லி வளர்த்திருக்கிறாய். பஸ்ஸில் ஊர் திரும்புகிற வழியெல்லாம் இதையே நினைத்து, வயசானவன் என்றும் பாராமல் அழுதேன். அழுது என்ன பிரயோசனம், கேட்டவளுக்குப் பதில் சொல்லவில்லையே.

இந்த மடலை உன்னை நினைத்து எழுதினாலும் உறையின் மேல் உன் மகள் பேரைத்தான் எழுதப் போகிறேன். அம்மா, உன் அப்பா கவிழ்க்கவில்லை. தோலைக் கழுவியவன் நான். கேட்டபோது தலையாட்டி அவர் மேல் போட்டவனும் நான். தம்பி தங்கைகளுக்கும், அந்த டீக்கடைக்காரர் இருந்தால் அவருக்கும் இதைப் படித்துக் காட்டு.

அன்றைக்கு அவள் என்னை மாமா என்று கூப்பிட்டாள். இதைப் படித்த பிறகும் அப்படிக் கூப்பிடுவாளா என்று தெரியவில்லை. அது அவள் இஷ்டம்.